டேஷ்போர்டில் ஓர் ஓட்டை

ஜூலை மாதம். ஹீட்டர் முழு வேகத்தில்.
"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் பத்ரி.
கார் வாங்க வந்தவன். சட்டை அக்குளில் நனைந்து
முதுகுக்குப் பரவிக்கொண்டிருந்தது.
"ஏசி கெட்டுப்போச்சு. சுவிட்ச் இந்தப் பக்கம்தான் திரும்பும்."
பாதி உண்மை.
பாதி உண்மைக்கு நல்ல விலை உண்டு
ருஸ்தாவி கார்ச் சந்தையில்.

குதௌரி ஏற்றம்.
எல்லைக்குப் போகும் லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நகர்கின்றன.
வேகமில்லை, வேகமில்லாததால் காற்றில்லை,
ரேடியேட்டருக்கு மூச்சு முட்டுகிறது.
ஹீட்டரைத் திறந்தால்
எஞ்சினின் காய்ச்சலில் கொஞ்சம்
எங்கள் முழங்கால்களில் இறங்கும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருந்தவன்
உள்ளே வந்து
டேஷ்போர்டில் ஒரு சோடா மூடியைத் தட்டினான்.
மூடிக்குப் பின்னால் ஓட்டை.
"இங்கே என்ன இருந்தது?"
"கடிகாரம்."
"எடுத்துட்டியா?"
"நின்னுபோச்சு."

நிற்கவில்லை.
நேற்றிரவுதான் கழற்றினேன், கம்பியை வெட்டி.
ஆயில் வெப்பம் காட்டும் மீட்டர் அது.
இந்த ஏற்றத்தில் நூற்றுமுப்பதைத் தாண்டும்,
அதற்கு மேல் எண்ணெய் எண்ணெயாக இருக்காது,
தண்ணீராகி பேரிங்கைக் கைவிட்டுவிடும்.

போன குளிர்காலத்தில் பெரிய டர்போ மாட்டினேன்.
கூடவே ஆயில் கூலர் மாட்டச் சொன்னார்கள்.
அந்தப் பணத்தில் வெண்கல நிறச் சக்கரங்கள் வாங்கினேன்.
அழகான சக்கரங்கள். அதை மட்டும் மறைக்கவில்லை.

இது ஜப்பானிலிருந்து வந்த வண்டி,
ஸ்டியரிங் வலப்பக்கம்; எங்கள் சாலைக்கு மாறானது.
முன்னால் லாரி இருந்தால் எனக்குத் தெரிவது
அதன் தார்ப்பாய் மட்டும்.
எதிரே வருவது
இடப்பக்கம் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.
முந்த வேண்டுமென்றால் அவன் கண்ணை
நான் கடன் வாங்க வேண்டும்.

"பொறு," என்றான். பஸ் ஒன்று உரசிப் போனது.
"பொறு."
பிறகு, "வா. காலி."

மிதித்தேன்.
டர்போ சீழ்க்கை அடித்தது, முதுகு சீட்டில் ஒட்டியது,
ஒன்று, இரண்டு, மூன்று லாரிகள்,
நான்காவதன் டிரைவர் எதையோ மென்றுகொண்டிருந்தான்.
எதிரே யாருமில்லை.
அவன் சொன்னபடியே யாருமில்லை.

அதன் பிறகு அந்தச் சோடா மூடியை
என்னால் பார்க்க முடியவில்லை.

கணவாயின் உச்சியில் தேன் கடைக்கெதிரே நிறுத்தினேன்.
சாவிக்குக் கை நீட்டினான்.
"அணைக்காதே. இரண்டு நிமிடம் ஓடட்டும்."
"ஏன்?"
"டர்போ இன்னும் கனன்றுகொண்டிருக்கும்.
இப்போ நிறுத்தினா உள்ளே நிற்கிற எண்ணெய்
அங்கேயே கரியாகும்."

இரண்டு நிமிடம் என்பது
மொத்தமும் சொல்லிவிடப் போதுமான நேரம்.
கைப்பையிலிருந்து சாக்ஸில் சுற்றிய மீட்டரை எடுத்தேன்.
அப்புறம் இன்னொரு பொட்டலம்:
அறுத்துப் பிரித்த ஆயில் ஃபில்டரின் ஒரு மடிப்பு.
உரத் தொழிற்சாலை லேபில் எனக்கு இரவு வேலை.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன் ஒரு வாரம்,
வேறு ஏதாவதாக இருக்கட்டும் என்று.
செம்புதான்.

அவன் அதை வெயிலில் பிடித்தான்.
மினுங்கியது, மீன் செதில் தூளைப்போல.
டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்தான்,
விரலில் தேய்த்தான், அந்த விரலை
என் பானட்டிலேயே துடைத்தான்.
விலை பேசவில்லை. திட்டவும் இல்லை.
தேன் கடைக்குப் போய்
இரண்டு வெள்ளரிக்காயோடு திரும்பினான், உப்பில்லாமல்.

பிறகு சோடா மூடியை நகத்தால் நெம்பி
மீட்டரை ஓட்டையில் வைத்துப் பார்த்தான்.
பொருந்தியது, பொருந்தத்தானே செய்யும்.
முள் சும்மா கிடந்தது.

"இறக்கத்தில் நான் ஓட்டட்டுமா?"

இடப்பக்கம் உட்கார்ந்தேன்,
என் காரில் முதல் முறையாக.
எத்தனை ஆகாயம் இந்தப் பக்கம்!
ஹீட்டரை அவன் அணைக்கவில்லை.
மூன்றாவது வளைவில் சிமென்ட் லாரி ஒன்று,
ஊர்ந்தபடி. அவன் என்னைப் பார்த்தான்.

"பொறு," என்றேன்.
பொறுத்தான்.